உன் அம்மா கறுப்புதான்

அன்பு மகன் அரவிந்தனுக்கு அப்பா எழுதிக்கொண்டது. காவிரியில் நிறையத் தண்ணீர் போகிறது, ஸ்ரீரங்கத்தில் நான் சுகமாக இருக்கிறேன், மெல்போர்னில் நீயும் மருமகள் அனுசுயாவும் பேத்தி இளவேனிலும் சுகமாக இருக்க ரெங்கநாதர் அருள் செய்யட்டும். சுகம் விசாரித்தாயிற்று, இனி திட்டப் போகிறேன். போனில் திட்டினால் "சிக்னல் இல்லப்பா" என்று வைத்துவிடுகிறாய். முன்பெல்லாம் அடுத்தவரிடம் சொல்லித்தான் கடிதம் எழுத வேண்டும், பாதிக் கோபத்தை அவர்களே குறைத்துவிடுவார்கள். இப்போது முதியோர் வகுப்பில் எழுதக் கற்றுக்கொண்டுவிட்டேன். ஒரு பக்கத்துக்கு ஒரு பொழுது ஆகிறது, ஆனாலும் கோபம் முழுசாக வந்து சேருகிறது, அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா.

உன் அம்மா படத்தைப் பெரிதாக்கி ஹாலில் மாட்டி, திதிக்கு மாலை போடப் போகிறேன் என்று வீடியோவில் காட்டினாயே, யாரடா அந்தப் பொம்பளை? கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிற பொம்மை மாதிரி இருக்கிறாள். திருவானைக்காவல் கடைத்தெருவில் வெயிலில் உட்கார்ந்து கீரை விற்று உன்னைப் படிக்கவைத்த பவுனம்மாளுக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறாய். தாடையில் பச்சை குத்திய புள்ளியை, படத்தைத் திருத்தியவர்கள் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டார்கள். நூல் புடவை பட்டாகிவிட்டது, கழுத்தில் அவள் கண்ணால்கூடப் பார்க்காத சங்கிலி. கேட்டால் "எல்லாரும் இப்படித்தாம்பா செய்றாங்க, பளிச்சுனு இருக்குல்ல" என்கிறாய். அதுகூடப் போகட்டும். நீ போனை இளவேனிலிடம் கொடுத்துவிட்டுப் போனதும் அவள் என்ன கேட்டாள் தெரியுமா? "தாத்தா, அப்பாயி வெள்ளை, அம்மாவும் வெள்ளை, நான் மட்டும் ஏன் கறுப்பா இருக்கேன்?" என்றாள். அப்பாயி முகம் நினைவில் இல்லாத பிள்ளை, ஆனால் அப்படியே அப்பாயியை உரித்து வைத்திருக்கிற பிள்ளை.

அன்றைக்கே பரணிலிருந்து நெகடிவ் டப்பாவை இறக்கினேன். காவிரிப் படித்துறையில் அம்மா மண்டபத்துக்கு வருகிறவர்களைப் படம் எடுத்துக் கொடுத்துத்தானே பிழைத்தேன், செல்போன் வந்து அந்தப் பிழைப்பு போன வெறுப்பில் கேமராவையே தொடாமல் இருந்தேன். கொள்ளிடக் கரையில் உன் அம்மா கீரை பறிக்கையில் எடுத்த நெகடிவ் பூசணம் பிடிக்காமல் இருந்தது. தில்லைநகரில் ஜெஸ்லின் என்ற பெண் கண்காட்சிக்குப் போகும் படங்களைப் பருத்திக் காகிதத்தில் அச்சடித்துத் தருகிறாள், அவளிடம் போனேன், நெகடிவை ஸ்கேன் செய்து திரையில் காட்டினாள். அவளும் முதலில் "முகத்தைக் கொஞ்சம் ப்ரைட் பண்ணிடட்டுமா தாத்தா?" என்றுதான் கேட்டாள். நான் போட்ட சத்தத்தில் "அப்ப நீங்களே வந்து உட்காருங்க" என்று மவுஸைக் கையில் கொடுத்துவிட்டாள். அவள்தான் எல்லாம் கற்றுக்கொடுத்தாள். திரையில் பளபளப்பாகத் தெரிகிற கறுப்பு, காகிதத்தில் கரியாக அப்பிவிடும். ஈர மையை நம்பக் கூடாது, காய்ந்தால் நிறம் மாறும், ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். முதல் தாளில் முகம் இருண்டது, அடுத்ததில் செம்மண்ணாகச் சிவந்தது. "இத்தனை தாளைக் கிழிச்சா நான் கடைக்குப் பூட்டுப் போட வேண்டியதுதான் தாத்தா" என்றாள். கறுப்புக்குள் எத்தனை கறுப்பு இருக்கிறது தெரியுமா? கன்னத்தில் நாவல்பழம், வேர்த்த நெற்றியில் கொஞ்சம் நீலம். கடைசியில் வந்தாள் பாரு, "சீக்கிரம் எடுங்க, கீரை வாடுது" என்று முறைக்கிற அதே முகம். கடையிலேயே சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். மறுநாளே கேமராவைத் துடைத்து எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன், இப்போது வீட்டில் கால் தங்குவதில்லை.

படம் கூரியரில் வருகிறது. ஓரத்தைப் பிடித்துத் தூக்கு, முகத்தில் விரல் படக் கூடாது, வெயில் விழாத சுவரில் மாட்டு. திதிக்கு முன்னால் அந்த வெள்ளைக்காரியை இறக்கிவிடு. இறக்காவிட்டால் அன்றைக்கு எனக்கு வீடியோ போடாதே, யாரோ ஒருத்திக்கு நீ மாலை போடுவதை நான் பார்க்க மாட்டேன். அனுசுயா மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல், எல்லாம் உன் மேல்தான். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. மறக்காதே, பார்சலை இளவேனில்தான் பிரிக்க வேண்டும். பிரித்ததும் அவளை அப்பாயி பக்கத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு. வெளிச்சம் ஏற்றாமல் அனுப்பு.

இப்படிக்கு உன் அப்பா,
கா. அடைக்கலம்