இருவருக்கும் ஒரே மருந்து

கச்சிராயபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தமிழ்மொழிக்கு,

கண்ணகி எழுதுகிறேன். என்னை நீ பார்த்ததில்லை. இங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைக்குப் பார்க்கிற நாளில் உன் அம்மா செல்லியம்மாளும் நானும் ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள். உன் போனுக்குப் பல முறை அடித்துப் பார்த்தேன். தெரியாத எண் என்று நீ எடுக்கவில்லை போலிருக்கிறது. மில்லில் வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று உன் அம்மாவும் சொல்லியிருக்கிறாள். அதனால்தான் கடிதம்.

நீ திருப்பூரில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. பதறாமல் படி கண்ணு. உன் அம்மா கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். நன்றாகப் பேசுகிறாள், நேற்று நான் கொண்டுபோன இட்லியைச் சாப்பிட்டாள். ஆனால் அவளுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சின்னப் புண் என்றுதான் உன்னிடம் சொல்லியிருக்கிறாள். ஆபரேஷனுக்கு முன்பு என் கையைப் பிடித்துக்கொண்டு, “எம் பொண்ணுக்கு மட்டும் சொல்லாதீங்கக்கா. மாத்திர போடாம நானே வரவழைச்சிக்கினேன்னு நெனச்சிக்கும்” என்றாள்.

மாத்திரை போடாமல் நீயே வரவழைத்துக்கொண்டாய் என்று நீ கோபத்தில் ஒரு வார்த்தை சொன்னதையும், அதற்குப் பிறகு நீ பேசாததையும் அவள் என்னிடம் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை. நீ சொன்னது நியாயம் என்றே சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எனக்கும் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு. சிறுநீரகமும் கொஞ்சம் கெட்டிருக்கிறது. அவளுக்கும் அதே மூன்றுதான். டாக்டர் எங்கள் இருவருக்கும் ஒரே மருந்தைத்தான் எழுதினார். என் ஊசி மருந்து ஃபிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் இருக்கிறது. உன் அம்மா ஈர மணல் போட்ட சட்டியில் வைத்திருந்தாள். கோடையில் அந்த மணலும் சுட்டிருக்கும். ஊசி போட்ட கையோடு எனக்கு மருமகள் தட்டு வைக்கிறாள். உன் அம்மா ஊசி போட்டுக்கொண்டு மரவள்ளிக் காட்டுக்குக் களை வெட்டப் போய், வெயில் ஏறியதும் மயங்கி விழுந்திருக்கிறாள். அதற்குப் பிறகு அந்தக் காட்டுக்காரர் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. “ஊசி போட்டா பசி எடுக்குது, பசிச்சா அந்த நேரத்துக்குத் துன்றதுக்கு இன்னா இருக்குது? அதான் கம்மியா போட்டுக்கினேன்” என்றாள். நீர் பிரிகிற மாத்திரை ஒன்று உண்டு. மலையிலிருந்து இங்கே பஸ்ஸில் வருகிற நாளில் அதைப் போட மாட்டாளாம். மலைப்பாதையில் பஸ்ஸை நிறுத்தச் சொல்ல அவளுக்குக் கூச்சம்.

டாக்டர் கெட்டவர் இல்லை. சின்ன வயது, நல்ல பிள்ளை. “நேரத்துக்குச் சாப்பிடுங்கம்மா, நேரத்துக்கு ஊசி போடுங்கம்மா, எத்தனை வாட்டி சொல்றது?” என்று கேட்பார். உன் அம்மா தலையை ஆட்டுவாள். வெளியே வந்த பிறகுதான் என்னிடம் இதையெல்லாம் சொல்வாள். அவரிடம் சொல்லேன் என்றால், “அவருக்கு இன்னாத்துக்குக்கா நம்ம வூட்டுக் கதை” என்பாள்.

காலுக்கு வந்தது இப்படித்தான். வெட்டிப் போட்ட மரவள்ளிக் குச்சி ஒன்று செருப்பைத் துளைத்துக் காலில் ஏறியிருக்கிறது. பாதம் மரத்துப் போயிருந்ததால் வலி தெரியவில்லை. செருப்பு ஈரமாக இருக்கிறதே என்று கழற்றியபோதுதான் இரத்தத்தைப் பார்த்திருக்கிறாள். மறுநாளே கீழே இறங்கி வந்தாள். அலட்சியமாக இருக்கவில்லை, இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். கட்டுப் போட்ட இடத்தில், சர்க்கரை குறையாமல் புண் ஆறாது என்றார்கள். சர்க்கரைக்குப் பார்க்கிற இடத்தில், சிறுநீரகம் கெட்டிருப்பதால் வீரியமான மருந்து தர யோசிக்கிறோம், சிறுநீரக டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்கள். அந்த டாக்டர் கள்ளக்குறிச்சியில், அதுவும் வேறொரு நாளில். அவர் இதயத்துக்கு ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். அது இன்னொரு ஊரில். சொன்னவர்கள் யாரும் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு உடம்பைத் தூக்கிக்கொண்டு அவள் எத்தனை இடத்துக்குத்தான் அலைவாள்? என்னை என் மகன் அறிவுச்செல்வன் காரில் ஏற்றி எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துக் கூட்டி வந்துவிடுகிறான். அவள் ஒவ்வொரு முறையும் மலையிலிருந்து இறங்கி, இருட்டுவதற்குள் கடைசி பஸ்ஸைப் பிடித்து, அந்தக் காலோடு மேட்டில் ஏறி வீட்டுக்குப் போனாள். எல்லோரும் பார்த்து முடிப்பதற்குள் விரல்கள் கறுத்துவிட்டன.

அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். உங்கள் வீடு பஸ் நிற்கிற இடத்திலிருந்து எவ்வளவு மேலே என்று உனக்குத் தெரியும். உன் அப்பா இருந்தாலாவது தோள் கொடுப்பார். எங்கள் வீட்டு முன்னறையில் வந்து இரு என்று நான் கூப்பிட்டேன். “உங்க வூட்ல நான் எப்படிக்கா?” என்றாள். அந்த ‘எப்படி’யில் என்ன இருக்கிறது என்று எங்கள் இருவருக்குமே தெரியும். இத்தனை காலம் பக்கத்தில் உட்கார்ந்து பேசியும், அது எங்கள் நடுவே அப்படியேதான் இருக்கிறது. என் வீட்டாரைக் கேட்டேன். அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

நேற்று அவளைப் பார்த்துவிட்டு வந்து எனக்கு ஊசி போட்டுக்கொண்டேன். மருமகள் தட்டு வைத்தாள்.

உன் வேலையின் கஷ்டம் எனக்குத் தெரியாது. லீவு கேட்டால் என்ன சொல்வார்களோ, அதுவும் தெரியாது. அதனால் வந்தே ஆக வேண்டும் என்று எழுத எனக்கு உரிமையில்லை. உன் உடம்பையும் ஒரு முறை காட்டிப் பார்த்துக்கொள் தாயி, இந்த வியாதி பரம்பரையாக வரக்கூடியது. நீ எந்தக் குறையும் இல்லாமல் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும்.

நான் எழுதியது உன் அம்மாவுக்குத் தெரியாது. நீ வந்தால் இந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லாதே. நீயாகவே வந்தாய் என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மாவின் பெஞ்சுக்காரி,
கண்ணகி.