நாற்பத்தொன்றாம் எண் புரொபெல்லர்

2003 மே 5, திங்கள்

காலையில் வெயில். பதினொரு மணிக்கு மழை பிடித்தது. பட்டறைத் தகரத்தில் இரண்டு இடம் ஒழுக்கு. வாளி வைத்தாயிற்று.

செய்ய வேண்டியவை: 58ஆம் புரொபெல்லரை அராவி முடிக்க. அரை வட்ட அரம் இரண்டு. அண்ணிக்கு லீக்ஸ், கல் உப்பு. போன வாரம்தான் உப்பு இரண்டு பக்கெட் வாங்கினேன். "இந்த வீட்ல யாரு உப்பத் திங்கிறா?" என்று அண்ணி என்னையே கேட்கிறாள். நானா தின்கிறேன்.

மத்தியானம் கிழக்குக் கடற்கரையில், திருக்கோவில் ஊரிலிருந்து சிவலிங்கம் வந்தார். போன வருடம் சண்டை நின்று ரோடு திறந்ததும் எங்களிடம் முதல் புரொபெல்லர் வாங்கிய மீன்காரர். பதுளை மலையில் படகு விசிறி செய்கிறார்கள் என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே வந்தவர். இன்று சிரிக்கவில்லை. தாடி. கையில் சாக்கு. சாக்குக்குள் எங்கள் 41. மூன்று இலையில் ஒன்று பாதியோடு இல்லை.

போன மாதம் மூன்றாம் தேதியாம். நடுக்கடலில் இஞ்சின் உதறியிருக்கிறது. நிறுத்தியிருக்கிறார்கள். இவருடைய தம்பி நவம் என்னவென்று பார்க்கத் தண்ணீரில் இறங்கினானாம்.

"கீழ பார்க்கப் பாய்ஞ்சவன். நீரோட்டம். ஆள் வரல்ல. முப்பத்தொண்டாம் நாள் கிரியையும் முடிஞ்சுது."

எதிலோ அடிபட்டிருக்கும் என்று அவரே சொல்கிறார். சண்டை பிடிக்க வரவில்லை. அதே அளவில் இன்னொன்று வேண்டுமாம், அதற்குத்தான் பழையதைக் கொண்டுவந்தாராம். அண்ணன் உடனே 57ஐ எடுத்து வைத்தார். "காசு வாணாங்க. கொண்டு போங்க." அப்பா தன் கையாலேயே சாக்கில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். சிவலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. நாளைக்கே பூட்டுவாராம். வெள்ளி கோயிலில் பூசை, சனிக்கிழமை கடலில் இறக்குவாராம்.

போன பிறகு தேநீர் குடித்தேன். சீனி போட மறந்துவிட்டேன். குடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது.

மே 6, செவ்வாய்

மழை. 58 முடிந்தது. இலை மூன்றும் எடை சரி. கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டினேன், நல்ல சத்தம்.

41ஐ உருக்கப் போடச் சொன்னார் அண்ணன். போடுவதற்கு முன் உடைந்த இடத்தை அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தேன். ஏன் என்று தெரியாது, கைப்பழக்கம். மஞ்சள் வரவில்லை. சிவப்பு. செங்கல் தூள் மாதிரி உதிர்கிறது.

அப்பாவிடம் காட்டினேன். "கல்லுல பட்டிருக்கும்மா" என்றார். பார்க்காமலே சொன்னார். கல்லில் பட்டால் நசுங்கும். நிறம் ஏன் மாறுகிறது என்று கேட்டேன். தன்னிடம் கூத்துப் பழக ஆள் வந்திருக்கிறது என்று எழுந்து போனார். யாரும் வந்திருக்கவில்லை.

அண்ணி லீக்ஸ் நன்றாக இல்லை என்றாள்.

மே 7, புதன்

மழை இல்லை. பஸ் நிலையத்துப் பக்கம் வெசாக் விளக்குக் கூடு விற்கிறார்கள். மூங்கில் சட்டம் மட்டும், தாள் நாமே ஒட்ட வேண்டும்.

41இன் துண்டை வெட்டிக்கொண்டு தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனேன். உலோகம் படிப்பிக்கும் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது என்ன பித்தளை, பிள்ளை?"

தேயிலை பெக்டரி ரோலர் மேசையில் அடித்திருக்கும் பித்தளை என்றேன். மூடின பெக்டரிகளில் வாங்குகிறோம்.

"உது கல்லிலை பட்டதில்லை. உப்புத்தண்ணி பித்தளையிலை இருக்கிற துத்தநாகத்தைக் கழட்டிப்போடும். மிச்சம் வெறும் செம்பு, அதுவும் ஓட்டை ஓட்டையாய். ஏரித்தண்ணிக்குப் பயமில்லை. கடலுக்கு இதை வார்க்கக்கூடாது. ஆரும் உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

யார் சொல்வது. எங்கள் வீட்டில் கடலைப் பார்த்தவர் அண்ணன் மட்டும். அதுவும் கொழும்புக்குப் போனபோது, ரயிலிலிருந்து.

திரும்பி நடந்தே வந்தேன். அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லும் கதை ஞாபகம் வந்தது. தோட்டத்து பெக்டரியில் ஃபிட்டராக இருந்தபோது துரையின் பந்தயப் படகுக்கு ரோலர் பித்தளையில் ஒரு விசிறி வார்த்தது. நுவரெலியா ஏரியில் சீசன் போட்டியில் அது முதலாவதாக வந்தது. துரை ஊருக்குப் போகும்போது படகை இவருக்கே கொடுத்துவிட்டுப் போனது. அதிலிருந்துதான் பட்டறை. அண்ணன் அந்தப் படகில்தான் ஓட்டப் பழகினார். அந்த முதல் விசிறி சுவரில், பொட்டோடு. ஒவ்வொரு வார்ப்புக்கும் அதிலிருந்து ஒரு சிட்டிகை அராவி, உருகிய பித்தளையில் போடுவோம். ராசித் தூள். வேறு பித்தளை வேண்டாம், ஜெயித்த பித்தளையே போதும் என்பார் அப்பா.

ஜெயித்தது நல்ல தண்ணீரில்.

அழுகை வரவில்லை. வர வேண்டும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். பிறகு சட்டி கழுவினேன்.

மே 8, வியாழன்

திருக்கோவில் மீனவர் சங்கத்து நம்பருக்குக் காலையிலிருந்து ஐந்து தடவை. மணி போகிறது, எடுப்பாரில்லை.

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மோட்டர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நம்ம விசிறியில பதினாறு போட்டு கடல்ல ஓடுது. ஒண்ணுதான ஒடஞ்சிச்சு? போன மாசம் நான் ஏரியில ஓட்டுனேனே, ரெண்டாவது வந்தேனே, அதுக்கு ஒண்ணும் ஆவலயே."

"அது ஏரிண்ணே."

"நீ போயி சொல்லு. சொன்னா கொன்னது நாமதான்னு ஆயிரும். அப்பா தாங்குவாரா?"

அவர் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது என்றுதான் அந்த நேரம் தோன்றியது. எழுதி வைக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

பின்னேரம் அச்சு மண் எடுக்கப் போனேன். முன் தொட்டியில் இல்லை. பின் தொட்டியை யாரும் தொடுவதில்லை. அதன் மறைவில் ஒரு நீலப் பேசின், பலகை போட்டு மூடியிருந்தது. தண்ணீர். அடியில் ரோலர் பித்தளைத் துண்டு ஒன்று. விரலை விட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

சுவரில் சோக்கால், அப்பாவின் எழுத்து:

ஜன 6 உப்பில் போட்டது
பிப் 3 ஒன்றுமில்லை
பிப் 26 சிவப்பு
மார்ச் 24 ஊசி இறங்குது

துண்டை எடுத்துப் பார்த்தேன். என் சட்டையில் குத்தியிருந்த ஊசி இறங்கியது.

மார்ச் 24. நவம் இறங்கியது ஏப்ரல் 3. பத்து நாள். என் வார்ப்புக் கணக்குக் கொப்பியில் பார்த்தேன்: 57 வார்த்தது ஏப்ரல் 10. அன்றும் ராசித் தூள் போட்டார். நான்தான் அரத்தை எடுத்துக் கொடுத்தேன்.

போன வருடக் கடைசியில் ஒருவர் இலை ஓரம் கரைகிறது என்று கொண்டுவந்து காட்டினார். கல்லில் பட்டது என்று அனுப்பினோம். கடலில் கரைய இது என்ன சீனியா என்று அவர் போன பிறகு நானும் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை, இப்போது ஞாபகம் வருகிறது.

அப்பா வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"எப்பருந்து தெரியும்?"

"தை மாசத்துலருந்து சந்தேகம்."

"ஏம்பா சொல்லல?"

"பேசின் தண்ணி தேங்கிக் கெடக்குது. கடலு ஓடுற தண்ணி. அதுல இப்பிடி ஆவாதுன்னு நெனச்சேன்." பலகையை எடுத்துப் பேசினை மூடிவிட்டு, "நெனைக்கல. அப்பிடி நெனைக்கணும்னு இருந்தேன்."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். அவர் சட்டைப் பித்தான் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போயி சொல்லிட்டு வாம்மா. எனக்குத் தெரியுங்கிறதையும் சேத்துச் சொல்லு. ஒளிக்காத."

வரமாட்டாராம். வர முடியாதாம்.

மே 9, வெள்ளி

பையில்: 16 பேர் பட்டியல், சிவலிங்கம் பெயர் மேலே. 41இன் துண்டு. ஒரு சேலை. பாண், பழம்.

அண்ணன் பஸ் நிலையத்தில் கொண்டுவந்து விட்டார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, முகம் தெரியவில்லை.

மொனராகலை பஸ் பசறைக்கு இந்தப் பக்கம் டயர் போய் இரண்டரை மணி நேரம் நின்றது. பக்கத்து சீட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் இரண்டு பெண்கள்.

"அவன் வரமாட்டேன்னுட்டான்."

"வராட்டி கெடக்கட்டும். சீலைய மட்டும் வாங்கிட்டு வந்துரு."

மொனராகலையில் பொத்துவில் பஸ் போய்விட்டது. அடுத்தது ஐந்தரைக்கு. பொத்துவிலுக்கு அப்பால் இன்று பஸ் இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த டீச்சரம்மா தன் வீட்டில் படுக்கச் சொன்னார். புட்டு தந்தார். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். பசி மட்டும் ஒழுங்காக இருக்கிறது.

மே 10, சனி

முதல் பஸ். திருக்கோவில் எட்டு மணி. வெயில், மேகம் இல்லை.

சிவலிங்கத்தின் வீட்டில் அவர் மனைவி. விடியக்காலை நான்கு மணிக்கே படகை இறக்கிவிட்டார்களாம். அவரும் மச்சானும். எத்தனை மணிக்கு வருவார்கள் என்று கேட்டேன். ரெண்டு, மூண்டு. வராட்டி நாலு. கடல் தொழில்தானே, என்றார். அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. கரைக்குப் போனேன்.

கடலை முதல் தடவை பார்க்கிறேன். பெரிது. வேறொன்றும் தோன்றவில்லை.

மணலில் உட்கார்ந்திருந்தேன். பத்து. பதினொன்று. ஒருவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். நாய் ஒன்று. தண்ணீர் காலுக்கு வந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். அப்பாவின் பேசினை விட உப்புக் குறைவு. அவர் கூடப் போட்டிருக்கிறார். அதைச் சொன்னால் அதையே சாக்காகப் பிடித்துக்கொள்வார், சொல்லக்கூடாது.

பன்னிரண்டு. ஒன்று. 57ஐ நான் அராவிய நாளை நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் இலைக்கு மட்டும் அதிக நேரம் பிடித்தது.

இரண்டே முக்காலுக்குப் படகு வந்தது. இரண்டு பேரும் இருந்தார்கள்.

"என்ன தங்கச்சி இந்தப் பக்கம்!" சிவலிங்கம் சந்தோஷமாகக் கேட்டார். "உங்கட விசிறி நல்ல ஓட்டம்."

சொன்னேன். துண்டைக் காட்டி ஊசியை இறக்கிக் காட்டினேன். பட்டியலைக் கொடுத்தேன். எதிலும் அடிபட்டதில்லை, எங்கள் பித்தளைதான், என்றேன். அந்த வார்த்தைகளை நேற்று முழுக்க பஸ்ஸில் கோத்து வைத்திருந்தேன்.

அவர் துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மச்சான் தள்ளிப் போய் மணலில் குந்திக்கொண்டான்.

"இத இப்பவே கழட்டுறம். மத்த ஆக்களுக்கு இண்டைக்கே நான் சொல்லுறன்." பிறகு கேட்டார். "உங்களுக்கு எப்ப தெரியும்?"

"புதன்கிழமை."

"அப்பாவுக்கு?"

அதையும் கோத்து வைத்திருந்தேன். தை மாதம், சந்தேகம், ஊசி, எல்லாம் வரிசையாக.

"அவருக்கும் அன்னைக்குத்தாங்க."

சிவலிங்கம் தலையை ஆட்டினார். "பாவம். அந்த மனுசன் என்ன பாடுபட்டிருப்பார். நான் சொன்னெண்டு சொல்லுங்க, யோசிக்க வேணாமாம்."

மீன் கொடுத்தார். வேண்டாம் என்றேன். அப்பாவுக்கு என்றார். வாங்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் இருக்கிறேன். மீன் பை ஒழுகுகிறது.