மைதானம் இருட்டானதும் அடுப்பைப் பற்றவைத்தேன்

பட்டுக்குட்டி,

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்களா. நான் இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன். சித்தப்பாவுக்கு முட்டிவலி, ஆனாலும் தினம் வந்து தலையைக் காட்டிவிட்டுத்தான் போகிறார், பேச ஒன்றும் இல்லையென்றால் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டாவது உட்கார்ந்திருக்கிறார். போனில் நீ அழுதுகொண்டே, அந்த லைட்டையெல்லாம் கழட்டித் தூக்கி எறியச் சொல்லும்மா, அதுதான் அப்பாவைக் கொன்னுடுச்சு என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். அப்போது சொல்லாததைத்தான் எழுதுகிறேன், தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொள்.

மைதானத்துக்குப் புது எல்.இ.டி. விளக்கு வந்ததில் அப்பாவுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. பழைய விளக்கு சூடாகி வெளிச்சம் வரவே காத்துக்கிடக்கணும், கரண்டைக் குடிக்கும், எதிர்வீட்டுக்காரி கண்ணு கூசுதுன்னு சண்டைக்கு வருவாள். இது போட்டதும் எரிகிறது, வெளிச்சம் மைதானத்தைத் தாண்டுவதில்லை, ஆள் நடமாட்டம் இல்லையென்றால் கம்பத்தில் இருக்கிற சென்சார் பார்த்துத் தானே மங்கி, அணைந்த மாதிரி ஆகிவிடும். என் வீட்டுக்காரிகிட்ட பாடம் படிச்ச லைட்டு, ஆளில்லாத ரூம்ல எரிய விடாது என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். என்னிடமும் சொன்னார். நான் துணி மடித்துக்கொண்டே ம் கொட்டினேன், காதில் வாங்கவில்லை. பழைய விளக்கு இருந்த காலமெல்லாம் நம் சமையலறை ஜன்னலில் தெரிகிற மைதானம் இருட்டானால் அப்பா சுவிட்சை இறக்கிவிட்டார், கேட்டைப் பூட்டிக்கொண்டு வருகிறார் என்று அர்த்தம். நான் அடுப்பைப் பற்றவைப்பேன், அவர் கைகால் கழுவி உட்காரச் சரியாக இருக்கும். அன்றைக்கும் மைதானம் இருட்டானது, பற்றவைத்தேன். எல்லோரும் விளையாடிவிட்டுப் போன பிறகு அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், அசையவில்லை, விளக்கு மங்கிவிட்டது. நானோ, இந்த மனுஷன் யாரோட கதையளந்துட்டு நிக்கிறாரோ என்று திட்டிக்கொண்டே குழம்பைத் திரும்பத் திரும்பச் சூடு பண்ணிக்கொண்டிருந்தேன். அடிப்பிடித்த பிறகுதான் செருப்பை மாட்டிக்கொண்டு தேடிப் போனேன். சீக்கிரம் பார்த்திருந்தாலும் கஷ்டம்தாம்மா என்றார் டாக்டர், என் மனசு ஆறச் சொன்னாரோ என்னவோ.

அதிலிருந்து மைதானத்தில் விளக்கே போடுவதில்லை. வேலை முடித்துப் பந்து விளையாட வருகிற பொண்ணுங்க கேட்டில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். நேற்று மைதானத்துச் செயலாளர் வந்தார், அக்கா நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, கழட்டிட்டுப் பழசையே மாட்டிடறோம் என்றார், என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை பாவம். உன்னைக் கேட்காமல் பதில் சொல்லிவிட்டேன். கழட்ட வேண்டாம், எரியட்டும், பெஞ்சுப் பக்கத்துக் கம்பம் மட்டும் மங்காமல் செய்யுங்கள் என்றேன். கூட வந்த ஒயர்மேன் தம்பி, அது முடியும்க்கா, நாளைக்கே மாத்திடறேன் என்றான். கோபித்துக்கொள்ளாதே கண்ணு. விளக்குக்கு அசைகிற ஆளைத்தான் தெரியும். உட்கார்ந்துவிட்டவரைத் தேட வேண்டியவள் நான்தானே.

நீங்கள் மூன்று பேரும் நூறு வயசு சேர்ந்திருக்கணும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. மாப்பிள்ளை வரத் தாமதமானால் எழுந்து போய்ப் பார், என்னை மாதிரி அடுப்புப் பக்கத்தில் நின்று திட்டிக்கொண்டிருக்காதே. ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்கிறேன். நான் பாத்திரத்தை உருட்டிய சத்தத்தில் கேட்காமல் போயிற்றோ என்னவோ, அப்பா அங்கிருந்து என்னைக் கூப்பிட்டிருப்பாரா?

உன்னைப் பெற்றவள்,
அம்மா