நீ ஏன் அவ்வளவு பேசினாய்?

மார்ச் 6

அன்புள்ள கோட்டான்,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். வாரம் முழுக்கப் பள்ளிக்கூட வேன் ஓட்டிக் களைத்த மனிதர், ஞாயிற்றுக்கிழமையும் எங்களுக்காகக் காரை எடுத்தாரே, உன் வீட்டுக்கார அண்ணனுக்கு முதலில் நன்றி சொல்லிவிடு. ஏரி, சூரியகாந்தி வயல், அந்தப் பழைய பாலம் எல்லாம் கண்ணுக்குள்ளேயே நிற்கின்றன.

ஆனால் எனக்கு மண்டை குழம்புகிறது. விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தோம். நாள் முழுக்க நாலு வார்த்தை பேச மாட்டாய் என்றுதானே உனக்கு ஊமைக்கோட்டான் என்று பேர் வைத்தோம்? அன்றைக்கு நீ வாயை மூடவே இல்லையே! "அதோ வலது பக்கம், வளைவுல எவ்வளவு அழகான மரம்." "எதிர்ல பச்சை லாரி, எவ்வளவு பெருசு பாருங்க." "ஐயோ, இந்த வெள்ளை மாடு ரோட்டை விட்டு இறங்கவே மாட்டேங்குது." எட்டு மணி நேரம் ரயிலில் வந்தது உன்னோடு மனம் விட்டுப் பேச. நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் நீ ஒரு மாட்டைக் காட்டினாய்.

எங்கள் வீட்டுக்காரர் "கொஞ்ச தூரம் நான் ஓட்டறேனே அண்ணா" என்றதற்கு இரண்டு பேரும் ஒரே குரலில் "வேண்டாம்" என்றீர்கள். இருபது வருடம் லாரி ஓட்டியவருக்கு முகம் செத்துவிட்டது. எங்கள்மேல் ஏதாவது கோபமா? மறைக்காமல் எழுது.

உன்
நெட்டை


மார்ச் 11

அன்புள்ள நெட்டைக்கு,

கோபமா? உனக்கென்ன பைத்தியமா? விருந்தாளிகளைச் சுற்றிக்காட்டக் கூட்டிக்கொண்டு போய்விட்டு உம்மென்று உட்கார்ந்திருக்க முடியுமா? வயதாக ஆக வாய் நீளுகிறது, அவ்வளவுதான். இவர் தன் காரை யார் கையிலும் கொடுக்க மாட்டார். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று உன் வீட்டுக்காரரிடம் சொல். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உன்
கோட்டான்


மார்ச் 17

அன்புள்ள கோட்டான்,

முழங்காலை விடு. உன் கடிதத்தை இவரிடம் படித்துக் காட்டினேன். இரண்டு நாள் மென்று முழுங்கிவிட்டு நேற்றுத்தான் சொன்னார். "அவருக்குக் கண்ணு சரியா தெரியல. தங்கச்சி சொல்லச் சொல்லத்தான் ஓட்டறாரு. தண்ணி குடிச்சப்போ புரையேறி தங்கச்சியால ஒரு நிமிஷம் பேச முடியலையே, அப்போ வண்டி ரெண்டு தடவை ரோட்டை விட்டு இறங்குச்சு."

நான் நம்பவில்லை, சண்டைகூடப் போட்டேன். அப்புறம் நீ காட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். வளைவு, லாரி, மாடு. ஏரியை நீ ஒரு தடவைகூடக் காட்டவில்லை. அதை நாங்களாகத்தான் பார்த்தோம்.

அப்படியென்றால் வேனில் யாரடி பேசுகிறார்கள்? அதெல்லாம் இல்லை என்று ஒரு வரி எழுதிவிடு, நம்பிவிடுகிறேன்.

நெட்டை


மார்ச் 22

அன்புள்ள நெட்டைக்கு,

இல்லையென்று எழுதி எழுதி நாலு தாளைக் கிழித்தேன்.

வேனிலும் நான்தான். பிள்ளைகளை ஏற்றி இறக்க ஆள் கேட்டார்கள், ஜூன் மாதம் போய்ச் சேர்ந்துகொண்டேன். முன் இருக்கையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே போகிறேன். பிள்ளைகள் எனக்கு 'ரேடியோ ஆன்ட்டி' என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

கண் தெரியவில்லை என்று இவர் என்னிடம் இதுவரை சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை. லைசென்ஸ் புதுப்பிக்கும் கண் பரிசோதனைக்கு முன்னால், அங்கே படிக்கச் சொல்லும் அட்டையில் இருக்கும் எழுத்துகளை ஒரு வாரம் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். நான் பாட்டுக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

வண்டி ஓட்டாவிட்டால் இவர் என்ன ஆவார் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. இன்னும் ஒரே ஒரு வருடம், அப்புறம் ஓய்வுதான். இதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை. உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், யாரிடமும் சொல்லாதே.

கோட்டான்


மார்ச் 26

அன்புள்ள கோட்டான்,

நாளைக்கு உனக்கு மறுபடி புரையேறினால்?

இதையே நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியருக்கு எழுதிவிட்டேன். அதைத் தபாலில் போட்டுவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். இதை முதலில் எழுதியிருந்தால் அதைப் போட்டிருக்க மாட்டேன். செய்தது சரியா தப்பா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. வாயில் வந்தபடி திட்டு. பதில் மட்டும் போடு.

உன்
நெட்டை


ஏப்ரல் 9

நெட்டைக்கு,

தலைமையாசிரியர் எங்கள் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். உன் கடிதம் மேசைமேல் கிடந்தது. இவர் ஒன்றும் மறுக்கவில்லை. வேன் சாவியை எடுத்து அதன்மேல் வைத்துவிட்டு எழுந்தார்.

பஸ்ஸில் திரும்பினோம். பழக்கதோஷம், "எதிர்ல லாரி வருது" என்று சொல்லிவிட்டேன். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடும்மா, டிரைவர் பாத்துக்குவாரு" என்றார். நாங்கள் இதைப்பற்றிப் பேசியது அவ்வளவுதான்.

அன்றைக்குப் படுத்தவள் மறுநாள் மத்தியானம்தான் எழுந்தேன். இந்த ஒரு வருடத்தில் நான் அப்படித் தூங்கியதே இல்லை. எழுந்து பார்த்தால் இவர் சட்டைகூட மாற்றாமல், பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல், அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

எனக்கு உன்மேல் கோபமா, நன்றியா என்று பிடிபடவே இல்லை. இரண்டும் சேர்ந்தே வருகிறது. அது தெளியும்வரை எனக்கு எழுதாதே. தெளிந்தால் நானே எழுதுகிறேன்.

கோட்டான்