முப்பது வீட்டுத் துணியும் ஒரு ‘சும்மா’வும்

அன்புள்ள அப்பா,

வணக்கம். நிராகரித்துத் தள்ளப்பட்ட ஒரு கடன் விண்ணப்பத்தை மறுபடி பார்க்கப்போவதாக இன்று காலை எங்கள் மேலாளரே என்னிடம் சொன்னார். அந்தச் சந்தோஷத்தில் எழுதுகிறேன். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

சம்பளச் சீட்டோ பத்திரமோ இல்லாத பெண்களுக்கும் தொழில் கடன் கிடைக்கட்டும் என்று, அவர்கள் பேசுவதைக் கேட்டே தகுதியைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவியை இங்கே எங்கள் கடன் நிறுவனத்தில் வைத்திருக்கிறார்கள். அது தள்ளியவற்றைச் சரிபார்ப்பது என் வேலை. என்ன தொழில் என்று அது கேட்டதற்கு ஓர் இஸ்திரிக்காரம்மா சொல்கிறார்: “சும்மாதாங்க இருக்கேன். முப்பது வீட்டுத் துணி தேய்க்கிறேன், அவ்வளவுதான். இன்னொரு இஸ்திரிப் பெட்டி இருந்தா மருமகளும் கூட நிப்பா.” கருவி ‘சும்மா’வைப் பிடித்துக்கொண்டு ‘தொழில் இல்லை’ என்று எழுதிவிட்டது.

அந்தப் பேச்சுப் பதிவை மேலாளருக்குப் போட்டுக் காட்டினேன். “முப்பது வீடு சும்மாவா? அப்ப நாம பண்றதுக்குப் பேரு என்னம்மா?” என்று சிரித்தார். அதே சொல்லால் இன்னும் நாற்பத்தொரு பேர் தள்ளப்பட்டிருப்பதைக் காட்டியதும் சிரிப்பு நின்றது.

அம்மாவைப் பற்றி யார் கேட்டாலும் நீங்களும் “வீட்ல சும்மாதான் இருக்கா” என்பீர்கள். இனி வேண்டாம் அப்பா. அம்மா பேசுவதைப் பத்து நிமிடம் பதிவுசெய்து அனுப்புங்கள், கருவியைப் பழக்க உதவும். பின்னால் குக்கர் சத்தம் கேட்டாலும் பரவாயில்லை. உங்கள் குரலும் இருக்கட்டும்.

இடைவேளை முடிந்துவிட்டது. நாற்பத்தொரு பேர் விஷயம் இன்னும் முடிவாகவில்லை. இஸ்திரிக்காரம்மாவுக்கு வியாழன் மதியம் பதில் வரும். அன்று மாலை வரை, அவர் வாங்கப் பார்த்துவைத்த இஸ்திரிப் பெட்டியை விற்காமல் வைத்திருக்கக் கடைக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறாராம்.

உங்கள் மகள்