புகை என்னால் வந்தது, அம்மா

என் அம்மாவுக்கு,

உன் நீலக் காருக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆர்.சி. புதுப்பிக்க வரும் பழைய வண்டிகளைச் சோதிக்கிற திடலில் வரிசை மெதுவாக நகர்கிறது. எனக்கு முன்னால் மூன்று வண்டிகள். பக்கத்து சீட்டில் அப்பா. என் முறை வருவதற்குள் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

உப்பளத்தில் அந்தப் பிரெஞ்சுக்கார முசியே வீட்டுப் பின்புறம் மழையில் நனைந்துகிடந்த இந்தக் காரை நீ கேட்டு வாங்கி வந்தபோது, நம் முதலியார்பேட்டைத் தெருவே சிரித்தது. வாரம் முழுக்க சேதராப்பட்டு கம்பெனியில் புது வண்டிகளுக்கு வயர் கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இதற்கும் வயர் கட்ட உட்காருவாய். ஒவ்வொரு முனையிலும் பழைய புடவையிலிருந்து உருவிய ஒரு நூல். விளக்குக்குப் பச்சை, ஹாரனுக்கு மஞ்சள். மற்ற நிறங்களை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. ஏன் கேட்கவில்லை?

நீ கண்ணை மூடிய பிறகு மிச்ச வேலையை நான் முடிப்பதாக அப்பாவிடம் சொன்னேன். வீட்டின் முதல் பட்டதாரி அல்லவா! அழுக்கேறிய நூல்களையெல்லாம் அறுத்துக் குப்பையில் போட்டேன். வயர்களைக் கழற்றித் துடைத்து, போனில் கிடைத்த வயரிங் படத்தின்படி திரும்ப மாட்டி, ஆங்கிலத்தில் சீட்டு ஒட்டினேன். படத்தில் இருந்தது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பழைய டைனமோ. நீ அதை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் வைத்து, வயர்களையும் மாற்றியிருந்தாய். எனக்கு அது உறைக்கவில்லை.

போன மாதம் இதே திடலில், எஞ்சினை வேகமாக ஓடவிட்டு விளக்கைப் போடச் சொன்னார் இன்ஸ்பெக்டர். டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது.

"யாரும்மா வயரிங் பண்ணது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "எங்கம்மா, சார்" என்றேன்.

"அம்மாவா? அதான் சமையல் வாசனை வருதா?"

சுற்றி நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பாவும் அதை நம்பிவிட்டார், அம்மா. "அவளும் எங்கியோ தப்பு பண்ணியிருக்கா பாரு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

கம்பெனியில் உன் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்த கலா அத்தையிடம் மட்டும் போய் நின்றேன்.

"நூலெல்லாம் எங்கடி?"

"குப்பையில போட்டுட்டேன், அத்தை."

"படிச்ச புள்ள பண்ற வேலையா இது? உங்கம்மா கட்டுன வயரை செக்கிங்ல இருக்கறவனே பிரிச்சுப் பாக்கமாட்டான், அப்டியே அனுப்பிடுவான். நீ அதுக்குப் பரீட்சை வச்சியாக்கும்!"

திட்டிக்கொண்டேதான் வந்தார். நான்கு ஞாயிறு. கருகிய வயர்களை மாற்றி, சின்ன பல்பு ஒன்றை எரியவிட்டுப் பார்த்து, எந்த வயர் எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தோம். உன் மாம்பழ நிறப் புடவையிலிருந்து நூல் உருவி நானே கட்டினேன். எல்லா முனைக்கும் ஒரே நிறம். உன் மற்ற நிறங்கள் இனி யாருக்கும் தெரியாது.

இன்று காலை அத்தை சொல்லி அனுப்பினார்: "கேட்டா மெக்கானிக் பண்ணதுன்னு சொல்லிடு. நாம பண்ணதுன்னு தெரிஞ்சா திருப்பி அனுப்பிடுவாரு." அப்பா அதற்கு மேல்: "இன்னிக்கும் ஆவலன்னா காயலான் கடைதான். என்னால இதத் தள்ளிக்கிட்டுத் திரிய முடியாது."

முன்னால் இப்போது ஒரே ஒரு வண்டி. அதே இன்ஸ்பெக்டர். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது போல, பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்.

"இன்னா எழுதற?" என்று கேட்டார் அப்பா.

"அம்மாவுக்கு." பிறகு, எப்படி வந்ததென்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன். "அப்பா, அன்னிக்குப் புகைஞ்சது அம்மாவால இல்ல. நான் மாத்தி மாட்டுனது."

அப்பா கண்ணாடியை இறக்கி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? சிரிச்சானே, அவங்கிட்ட சொல்லு."

சொல்லப்போகிறேன், அம்மா. அவர் கேட்கும்வரை காத்திருக்க மாட்டேன். வயரிங் உன்னுடையது, புகை என்னுடையது, திரும்பக் கட்டியது நானும் கலா அத்தையும் என்று டிரைவர்கள் காதில் விழும்படி சொல்வேன். அதற்காகவே வண்டியைத் திருப்பி அனுப்பினாலும் சரி. கார் போனால் போகட்டும், அந்தச் சிரிப்பு உன் பெயரில் இருக்க வேண்டாம்.

கை காட்டிக் கூப்பிடுகிறார்.

உன் தப்பு இல்லாததை உன் மேல் போட்ட,
உன் மகள்
தேன்மொழி