சம்பந்தியம்மா, உங்கள் டோப்பா என் பெட்டியில் இருக்கிறது

எங்கள் மாப்பிள்ளையைப் பெற்ற மகராசி, என் அன்புச் சம்பந்தியம்மாவுக்கு,

மஞ்சக்குட்டையிலிருந்து மாராயி எழுதுவது. முதலில் பிள்ளைகளின் சேதியைச் சொல்லிவிடுகிறேன். அங்கே இருந்தாலும் உங்கள் காது அதற்குத்தான் காத்திருக்கும். நம் பேத்தி பூங்கொடி நர்ஸ் படிப்பை முதல் வகுப்பில் முடித்துவிட்டாள். சேலத்தில் உங்களுக்கு மருந்து ஏற்றினார்களே, அதே ஆஸ்பத்திரியில் வேலை. வெள்ளை உடுப்பும் தொப்பியும் போட்டு அவள் நடந்து வந்தால் டாக்டரே ஒதுங்கி வழிவிடுகிறார் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அவள் தம்பி குமரன் பத்தாவதில் பள்ளிக்கூடத்துக்கே முதலாக வந்து பாலிடெக்னிக்கில் சேர்ந்திருக்கிறான். என் மகன் ராமனின் சின்னப்பெண் பேச்சுப் போட்டியில் கப் வாங்கி வந்தாள். மைக்கைப் பிடித்தால் கீழே வைப்பதில்லை.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று ஒண்டிக்கடை முக்கில் யாராவது கேட்டால், உங்கள் ஊர்க்காரர்கள் "நாகலூர் ரத்தமுங்க" என்கிறார்கள். நாகலூர் ரத்தமாம்! நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். நீங்கள் கைநாட்டு. புத்தி எந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் வருசத் திதிக்கு மாப்பிள்ளை நினைவு மலர் அச்சடிக்கிறார். "அத்தை, நீங்களும் அம்மாவப் பத்தி நல்லதா எதாச்சும் எழுதிக் குடுங்க" என்று கேட்டார். நல்லது எழுத மலர் முழுக்க ஆள் இருக்கிறது. நான் உள்ளதை எழுதுகிறேன். உங்கள் மேல் எனக்குப் பொறாமை. நீங்கள் போய் வருசம் ஆகியும் அது குறையவில்லை.

இப்போது அந்தப் பொறாமையால்தான் ஒரு காரியம் நிற்கிறது. பூங்கொடியின் கூந்தலில் உங்களுக்குக் கட்டிய டோப்பா என் தகரப் பெட்டியில் இருக்கிறது. அதை வேறொரு நோயாளிக்குக் கொடுக்க வேண்டும் என்று அவள் கேட்கிறாள். நான் இன்னும் கொடுக்கவில்லை.

மலரைப் படிக்கிறவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் குறுக்கே பேசாமல் கேளுங்கள். உயிரோடு இருந்தபோது அது உங்களால் முடிந்ததே இல்லை.

பூங்கொடி எங்கள் வீட்டில் வளர்ந்தவள். பள்ளிக்கூடம் போகப் பஸ் வசதி என்று சின்ன வயதிலேயே என்னிடம் விட்டார்கள். அந்த முடியை வளர்த்தது இந்தக் கை. செம்பருத்தியும் கரிசலாங்கண்ணியும் போட்டுக் காய்ச்சிய எண்ணெய், வெள்ளிக்கிழமை தவறாமல் அரப்புத் தேய்த்துக் குளியல். பனிக்காலத்தில் ஈரம் லேசில் காயாது. காபிக்கொட்டை காயப்போடும் களத்தில் அவளை உட்கார வைத்து, வெயில் நகர நகர அவளையும் நகர்த்திக்கொண்டே இருப்பேன். பின்னிவிட்டால் முழங்காலைத் தொடும். சீப்போடு வருகிற முடியைக்கூட எறியாமல் சுருட்டிச் சேர்த்து எனக்கு ஒரு சவுரி கட்டிக்கொண்டேன். என் பங்குக்கு வந்தது அதுதான், உதிர்ந்தது.

நீங்கள் எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் வந்து இறங்குவீர்கள். முந்தானையில் கொய்யாப்பழம். அவளை முன்னால் உட்கார வைத்து ஒரே ஒரு தடவை தலை சீவிவிட்டுப் போய்விடுவீர்கள். உங்கள் ஜீப் வளைவு திரும்பியிருக்காது, அவள் ஆரம்பிப்பாள்: "அம்மாயி, அப்பத்தா சீவுனா வலிக்கறதே இல்ல. நீ சீவுனா கண்ணுல தண்ணி வருது."

வாரம் முழுக்கச் சிக்கெடுக்கிறவள் நான். சிக்கெடுத்த தலையைச் சீவினால் ஏன் வலிக்கப்போகிறது?

பிறகு உங்களுக்கு மாரில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். மருந்து ஏற்றத் தொடங்கியதும் முடி கொட்டிப்போயிற்று. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள்ளேயே கிடந்தீர்கள். சந்தைக்கு வரவில்லை, சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு வரவில்லை. அடுத்த மருந்துக்குப் புறப்பட வேண்டிய நாளில் கட்டிலை விட்டே இறங்கவில்லை. "பஸ்ஸுல எல்லாரும் என்ற தலையத்தான் பாக்கறாங்க. நான் வரலைங்க. இங்கயே தோட்டத்துல போயிர்றேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். மாப்பிள்ளை கெஞ்சினார். டாக்டர் சொல்லியனுப்பினார். நீங்கள் அசையவில்லை.

பூங்கொடி அப்போது நர்ஸ் படிப்பில் பாதியில் இருந்தாள். லீவில் வந்தவள் நேராக என் அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"அம்மாயி, என் முடிய வெட்டிக்கப் போறேன். அதுல அப்பத்தாவுக்கு விக் கட்டிக் குடுக்கலாம். ஆஸ்பத்திரியில ஒருத்தங்க அப்படித்தான் வெச்சிருக்காங்க. வித்தியாசமே தெரியல."

"அது சேர்வராயன் சாமிக்கு நேர்ந்துக்கிட்ட முடி. உம் படிப்பு முடிஞ்சதும் குடுக்கறதா வேண்டியிருக்கறேன்."

"சாமிக்கு வருசா வருசம் குமிகுமியா வருது. அப்பத்தாவுக்கு ஒண்ணுகூட இல்ல."

"எனக்கு இப்படி வந்தா வெட்டுவியா?"

"அதுக்கு உனக்குச் சீக்கு வரோணுமா? நல்லா இரு அம்மாயி" என்று சிரித்துவிட்டுப் போனாள். வெட்டுவேன் என்று சொல்லவில்லை. கவனித்தீர்களா?

தடுத்தால் ஹாஸ்டலிலேயே கத்தரித்து அனுப்பிவிடுவாள். அப்புறம் அது நாகலூர்ப் பெருமையாகிவிடும். அதனால் ஒரு கட்டளை போட்டேன். நம் பக்கம் பிள்ளைக்கு முதல்முடி இறக்கும்போது தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் இறக்குவோம். இதுவும் தாய்மாமன் மடியில்தான் நடக்க வேண்டும் என்றேன். "கல்யாண வயசுப் பொண்ண மடியில வெச்சா எம் புருசன் இடுப்பு என்னாவறதுங்க?" என்று என் மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடைசியில் ராமன் பெஞ்சில் உட்கார, பூங்கொடி கீழே உட்கார்ந்து அவன் முழங்காலில் தலையைச் சாய்த்தாள். பின்னலின் மேலும் கீழும் நூல் சுற்றிக் கட்டி, நானே கத்தரி போட்டேன். வேறு யார் கைக்கும் விடவில்லை.

"மாமா, நீ எதுக்கு அழுவற?"

"கால் மரத்துப்போச்சு கண்ணு" என்றான் ராமன்.

அந்தப் பின்னலைத் தாம்பாளத்தில் சுருட்டி வைத்தேன். மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், உங்களுக்கு ஒரு சேலை. முடியை வைத்து யாராவது சீர்த்தட்டு எடுப்பார்களா? நான் எடுத்தேன். ஜீப்பில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, முன்னாலேயே இறங்கி, நாகலூர்க் கடைத்தெரு வழியாக நடந்து வந்தேன். பேத்தி கொடுத்தாள் என்று மட்டும் ஊர் பேசக்கூடாது. தாய் வீடு கொடுத்தது என்று பேச வேண்டும்.

துண்டுக் கட்டோடு வாசலுக்கு வந்தீர்கள். தட்டைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள்.

"ஏனுங்க சம்பந்தி, எம் பேத்தி முடி எனக்கு வர்றதுக்கு உங்க ஊட்டுத் தாம்பாளம் எதுக்குங்க?"

"தாய் ஊட்டுச் சீருங்க. முறையா வாங்கிக்குங்க. வாங்கிட்டு எதிர்த்தட்டு வெக்கோணும்."

"எதிர்த்தட்டுக்கு நான் எங்க போவேனுங்க? என்ற முடிதான் கொட்டிப்போச்சே!"

நீங்கள் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அது எனக்குப் பிடிக்கவே இல்லை. சண்டைக்குப் போய்த் தோற்று வந்த மாதிரி இருந்தது.

சேலத்தில் டோப்பா கட்டத் தெரிந்தவர் என்றால் நாடகக்காரர்களுக்குக் கட்டுகிறவர்தான். மாப்பிள்ளை அவரிடம் பின்னலைக் கொடுத்து, அழகாகக் கட்டித் தாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். அந்த மனிதருக்குத் தெரிந்த அழகான பெண் தலை ராணி வேஷம் ஒன்றுதான். நடு வகிடு, நெற்றியில் இரண்டு பக்கமும் சுருள், காதோரம் ஒரு வளையம், பின்னால் இடுப்புக்குக் கீழே பின்னல். பிரித்துப் பார்த்த மாப்பிள்ளை தலையில் கைவைத்துக்கொண்டார். நீங்களோ கண்ணாடியை வாங்கி இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, "கல்யாணத்தன்னிக்குக்கூட நான் இப்படி இருந்ததில்ல. இருக்கட்டும் வுடு" என்றீர்கள்.

மறுவாரமே சேலம் பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள். கொண்டை ஊசி வளைவு வரும்போதெல்லாம் ஒரு கையில் கம்பி, ஒரு கையில் தலை. "அம்மா நாடகக் கம்பெனிங்களா?" என்று கண்டக்டர் கேட்க, "ஆமாங்க, ராணி வேசம்" என்றீர்களாம். அதற்குப் பிறகு ஒரு மருந்துகூடத் தவறவில்லை. ஒண்டிக்கடைக்கு வந்தீர்கள். மளிகைக்கடை பாய், "அம்மாவுக்கு வயசு கொறஞ்சு போச்சுங்களே" என்று உங்களிடம் பேசிக்கொண்டே, பக்கத்தில் நின்ற எனக்கு வெல்லம் கட்டிக் கொடுக்க மறந்தார். என் எண்ணெயும் என் அரப்பும் உங்கள் தலையில் ஏறி நின்றுகொண்டு என்னையே பார்க்க, நான் வெல்லத்துக்குக் காத்து நின்றேன்.

ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, களத்தில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தீர்கள்.

"சம்பந்தி, பின்னல் கலைஞ்சு போச்சுங்க. நீங்க ஒருக்கா பின்னிவுடுங்க. இந்த முடி உங்க கைக்குத்தான் அடங்கும்னு பூங்கொடி சொன்னா."

பின்னினேன். நுனியில் வெயில் பட்டுச் செம்பட்டை ஓடிய அதே முடி. கண்ணை மூடினால் என் பேத்தி உட்கார்ந்திருந்தாள். திறந்தால் நீங்கள். முடித்ததும் திரும்பிப் பார்த்து, "வலிக்கவே இல்லீங்க" என்றீர்கள். முடிக்கு அடியில் இருந்தது டோப்பா வலை, அதற்கு எப்படி வலிக்கும்? ஆனாலும் அந்த வார்த்தையை அந்தப் பிள்ளை வாயிலிருந்து கேட்க நான் எத்தனை வருசம் காத்திருந்தேன் தெரியுமா? அதையும் நீங்கள்தான் சொன்னீர்கள்.

அடுத்த மழைக்காலத்தில் போய்விட்டீர்கள். நோய் வேறு பக்கம் பரவிவிட்டது என்றார்கள். குளிப்பாட்டும்போது டோப்பாவைக் கழற்றி வைத்தார்கள். குழியில் உங்களோடு வைப்பதா, எடுத்து வைப்பதா என்று பெண்கள் குசுகுசுவென்று பேசினார்கள். "அது தாய் ஊட்டுச் சீரு. திரும்பி வரோணும்" என்று நான் எடுத்துக்கொண்டேன். அப்படி ஒரு வழக்கம் உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. சாவு வீட்டில் என்னோடு யார் வாதாடுவார்கள்? கொண்டுவந்து அரப்புப் போட்டு அலசி, காயவைத்து, பெட்டியில் பூட்டினேன். பூங்கொடியோ வேலைக்கு வசதி என்று முடியைக் கழுத்தோடு நிறுத்திவிட்டாள். நான் வளர்த்த பின்னல் உலகத்தில் மிச்சம் இருப்பது அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான்.

போன மாதம் அவள் வந்தாள். வார்டில் ஒரு நெசவுக்காரப் பெண், சின்ன வயது. மருந்தில் முடி போனபிறகு கைக்குழந்தையைக் காட்டினார்களாம். அது அம்மாவை அடையாளம் தெரியாமல் வீறிட்டு அழுததாம். அன்றிலிருந்து குழந்தையைக் கையில் வாங்கவே மாட்டேன் என்கிறாளாம்.

"அப்பத்தாவோட அந்த விக்கைக் குடு அம்மாயி."

"அது அப்பத்தாது இல்ல. என்னுது."

"என் தலையில மொளைச்சது. எப்ப உன்னுதாச்சு?"

"வளத்தவ யாரு? மறுபடி வளத்து, அதக் கொண்டுபோய்க் குடு."

"வளர ரெண்டு மூணு வருசம் ஆவும். அந்தக்கா அதுவரைக்கும் கொழந்தையத் தூக்காம இருக்கோணுமா?"

நான் பெட்டிச் சாவியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனவள், வாசலில் நின்று திரும்பினாள். "அப்பத்தாவா இருந்தா கேக்கறதுக்கு முன்னாலயே குடுத்திருப்பாங்க."

கேட்டீர்களா சம்பந்தியம்மா? மண்ணுக்குள் இருந்துகொண்டு இன்னமும் என்னைவிட ஒரு படி மேலே நிற்கிறீர்கள்.

இதுவரை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன். சில நாள் கழித்து மறுபடி எழுதுகிறேன். மேலே கொடுக்கவில்லை என்று எழுதியதை அடிக்க வேண்டாம், மாப்பிள்ளை. அப்படியே அச்சடியுங்கள்.

நீங்கள் உண்மையிலேயே கொடுத்திருப்பீர்களா என்று யோசித்தேன். கொடுத்திருப்பீர்கள். தலையிலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டு, அந்தக் குழந்தையின் கன்னத்தையும் கிள்ளிவிட்டு, சிரித்துக்கொண்டே வந்திருப்பீர்கள். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் ஒன்று. இப்போது நீங்கள் கொடுக்க முடியாது. பெட்டிச் சாவி என் இடுப்பில் இருக்கிறது. இந்த ஒரு காரியத்தில் உங்களால் என்னை முந்த முடியாது.

திறந்தேன். ராணி வேஷச் சுருளைப் பிரித்து நேராகச் சீவினேன். அந்தச் சுருள் உங்களுக்கு மட்டும்தான் பொருந்தும், சொல்லித்தான் ஆக வேண்டும். துணிப்பையில் போட்டு, ராமனை முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். யார் வீட்டிலிருந்து வந்தது என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டாம் என்றேன். இங்கே எழுதிவிட்டீர்களே என்கிறீர்களா? சேலத்து நெசவுக்காரி நாகலூர் மலரையா படிக்கப்போகிறாள்?

ராமன் பூங்கொடி கையில் பையைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டான். குழந்தை அம்மாவிடம் போயிற்றா என்று கேட்டால், "நான் கேக்கலியே" என்கிறான். இவனைப் பெற்றதற்கு!

சம்பந்தியம்மா, உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்த முடி நெசவுக்காரப் பெண்ணுக்கு உங்களைவிட நன்றாக அமைந்திருந்தாலும் நான் வெளியே சொல்ல மாட்டேன். நாகலூரில் யார் கேட்டாலும், எங்கள் சம்பந்தி தலையில் இருந்த களை வராது என்றே சொல்வேன்.

பூங்கொடி கண்ணு, மலர் வந்ததும் நீ இதைப் படிப்பாய். அந்தப் பெண்ணை ஸ்டுடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போ. பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்து நிற்கச் சொல். பக்கத்தில் நீயும் நில். மடங்காமல் அட்டை வைத்து, அந்தப் புதுப் போட்டோவை எனக்குத் தபாலில் போடு சாமி.

இப்படிக்கு,
பூங்கொடியில் சரிபாதிக்குச் சொந்தக்காரி,
உங்கள் சம்பந்தி மாராயி